நித்திய வார்த்தைப்பாடு கொடுத்த அருட்சகோதரி, நோயுற்ற தாயைப் பராமரிக்க மடத்துக்கு வெளியே தங்க முடியுமா?

வினா: வெள்ளவத்தை வாசகர்

என் அக்கா நித்திய வார்த்தைப்பாடு, அதாவது வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய மூன்றையும் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடிப்பதாக உறுதிமொழி, கொடுத்த ஓர் அருட்சகோதரி. சபையின் பெயரை எழுத விரும்பவில்லை; அது ஆயரின் கீழுள்ள மறைமாவட்டச் சபை அல்ல, திருப்பீடத்தின், அதாவது உரோமையிலுள்ள திருத்தந்தையின் ஆட்சிப்பீடத்தின், அங்கீகாரம் பெற்ற சபை என்பது பதிலுக்குத் தேவைப்படலாம் என்பதால் அதை மட்டும் குறிப்பிடுகிறேன். கொழும்பில் ஐந்து சகோதரிகள் வாழும் ஒரு மடத்தில் இருந்துகொண்டு அரசாங்கப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறார்.

எங்கள் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. விழுங்கும் ஆற்றலும் குறைந்திருப்பதால் சோற்றையும் மரக்கறியையும் கூழாக அரைத்து, அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியால் ஊட்டி, ஒரு வாய் உள்ளே இறங்கியதை உறுதிசெய்த பின்னரே அடுத்த வாயைக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் புரையேறிவிடும், அப்படி ஒருமுறை நெஞ்சில் சளி கட்டி, வைத்தியசாலையில் வைத்திருக்க நேர்ந்தது. இதுவரை நானும் என் மனைவியுமே பார்த்துவந்தோம். இப்போது மனைவிக்கு முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை செய்யவேண்டியுள்ளது. அதன்பின் பல மாதங்களுக்கு அவர் பாரம் தூக்கக்கூடாது. அண்ணா கனடாவில் இருக்கிறார், பணம் அனுப்புகிறார். சம்பளத்துக்கு வந்த பராமரிப்பாளர்கள் எவரும் நிலைத்து நிற்கவில்லை.

அக்கா வந்து ஓராண்டாவது அம்மாவோடு தங்க விரும்புகிறார். ஆனால் அவர் மனம் மிகவும் குழம்பிப்போயிருக்கிறார். வார்த்தைப்பாடு கொடுத்தவர் வீட்டில் தங்கினால் சபையை விட்டு விலகியதாகவே ஆகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். முதலில் வந்து தங்கட்டும், பிறகு அறிவித்துக்கொள்ளலாம் என்கிறார் உறவினர் ஒருவர். அக்காவுக்குத் தன் துறவு வாழ்வை விடும் எண்ணம் அறவே இல்லை. திருச்சபைச் சட்டம் இதைப்பற்றி உண்மையில் என்ன சொல்கிறது, அவர் யாரிடம் எப்படிக் கேட்க வேண்டும், பாடசாலைச் சம்பளத்தை அம்மாவின் மருந்துக்குச் செலவிடலாமா என்பவற்றை அறிந்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.

பதில்: திருச்சபைச் சட்டம் கற்பிக்கும் குரு

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் உறவினர் காட்டிய வழி ஆபத்தானது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். அனுமதியின்றி மடத்தை விட்டு வந்து தங்குவதை, காரணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சட்டம் பாரதூரமாகவே நோக்குகிறது. இன்று நடைமுறையிலுள்ள 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி, தலைவர்களின் அதிகாரத்திலிருந்து விலகும் நோக்கத்தோடு ஆறு மாதங்கள் முறைகேடாக வெளியே தங்குவது, சபையிலிருந்து நீக்குவதற்குப் போதுமான காரணங்களுள் ஒன்றாக 696ஆம் சட்டத்திலேயே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. 2019 மார்ச் 19இல் திருத்தந்தை பிரான்சிஸ் 694ஆம் சட்டத்தில் இன்னொரு பிரிவைச் சேர்த்தார்: தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் முறைகேடாக வெளியே இருந்து, தேடியும் கண்டடைய முடியாதவராகிவிட்ட துறவி, அச்செயலாலேயே சபையிலிருந்து நீங்கியவராகக் கருதப்படுவார். உங்கள் அக்கா எங்கிருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்பதால் இந்த இரண்டாவது விதி அவரைத் தொடாது; அவருக்கு விலகும் நோக்கமும் இல்லை. ஆனாலும் சொல்லாமல் போய்த் தங்கினால், அந்த நோக்கம் இல்லை என்பதை நிரூபிக்கும் சுமை நாளடைவில் அவர் தலையில்தான் விழும். இதே சட்டத்தொகுப்பு தலைவர்களுக்கும் ஒரு கடமையை விதிப்பதை மறக்கக்கூடாது: அப்படி வெளியே போனவரை அக்கறையோடு தேடி, அவர் திரும்பி வரவும் தம் அழைத்தலில் நிலைத்திருக்கவும் உதவ வேண்டும் என்று 665ஆம் சட்டத்தின் இரண்டாம் பகுதி கூறுகிறது.

முறையான வழி அதே சட்டத்தின் முதற்பகுதியில் இருக்கிறது. துறவியர் தங்கள் சபையின் இல்லத்தில் குழும வாழ்வைக் கடைப்பிடித்து வாழவேண்டும், தலைவரின் அனுமதியின்றி வெளியே தங்கக்கூடாது என்பது பொது விதி. நீண்ட காலம் வெளியே தங்கவேண்டிய நியாயமான காரணம் இருந்தால், சபையின் மாகாணம் ஒன்றுக்குப் பொறுப்பான மாகாணத் தலைவி போன்ற உயர் தலைவர், தம் ஆலோசனைக் குழுவின் இசைவோடு, ஓராண்டுக்கு மேற்படாமல் அனுமதி வழங்கலாம். நோய்க்குச் சிகிச்சை பெறுவதற்கோ, படிப்பதற்கோ, சபையின் பெயரால் திருப்பணி செய்வதற்கோ என்றால் அந்த ஓராண்டு வரம்பு இல்லை. நோய் என்று இங்கே சொல்லப்படுவது துறவியின் சொந்த நோயையே என்று பெரும்பாலான சட்ட அறிஞர்கள் கருதுவதால், தாயின் நோய்க்காகக் கேட்பவர் ஓராண்டு வரம்புக்குள் கேட்பதே பாதுகாப்பானது. மற்றப்படி பெற்றோரின் கடும் நோயும் பார்க்க வேறு ஆள் இல்லாத நிலையும் நியாயமான காரணம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

இந்த அனுமதியின் கீழ் வெளியே தங்குபவர் சபையின் முழு உறுப்பினராகவே இருக்கிறார். வார்த்தைப்பாடுகள் மூன்றும் அப்படியே இருக்கின்றன. துறவு உடை, செபக் கடமைகள், தலைவிக்குக் கீழ்ப்படிதல், வரவு செலவுக் கணக்கு ஒப்புவித்தல் ஆகிய அனைத்தும் தொடர்கின்றன. அவர் விலகியவர் அல்லர். அனுமதியோடு வெளியே தங்கியிருக்கும் சகோதரி.

இதோடு பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொரு ஏற்பாடு 686ஆம் சட்டத்தில் வருகிறது. நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தவர் கடுமையான காரணத்துக்காகக் குழும வாழ்விலிருந்து சில ஆண்டுகளுக்கு விடுவிக்கப்பட்டு வெளியே வாழ இது இடமளிக்கிறது. முன்பு முழுச் சபைக்கும் தலைவரான பொதுத்தலைவர் தம் குழுவின் இசைவோடு மூன்று ஆண்டுகள் வரை இதை வழங்க முடிந்தது. 2022 பெப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் செய்த மாற்றத்தின்படி இப்போது ஐந்து ஆண்டுகள் வரை வழங்கலாம். அதற்கு மேல் நீடிக்க உங்கள் அக்காவின் சபையைப் போன்ற சபைகள் திருப்பீடத்தை நாட வேண்டும். இதன் விளைவு முந்தையதைவிடப் பெரிது. புதிய வாழ்க்கை நிலைக்குப் பொருந்தாத கடமைகளிலிருந்து அவர் விடுபடுகிறார். தலைவர்களின் பராமரிப்பிலும் அந்த இடத்து ஆயரின் பராமரிப்பிலும் இருக்கிறார். ஆனால் சபையில் வாக்களிக்கவும் தெரிவுசெய்யப்படவும் உரிமையில்லை. அழைத்தலைப்பற்றியே நெருக்கடிக்குள்ளானவர்கள் நிதானமாகச் சிந்திப்பதற்குத்தான் பொதுவாக இது வழங்கப்படுகிறது. நெருக்கடியே இல்லாத உங்கள் அக்கா இதை முதலில் கேட்பது தேவையற்றது. ஓராண்டு முடிந்தும் அம்மாவின் நிலை மாறாவிட்டால் அப்போது யோசிக்கலாம்.

சபையை விட்டு விலகுவது இவை இரண்டிலிருந்தும் முற்றிலும் வேறானது. நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தவர் இறைவன் முன்னிலையில் எண்ணிப்பார்த்த மிகக் கடுமையான காரணங்கள் இருந்தாலன்றி அதைக் கேட்கவே கூடாது என்கிறது 691ஆம் சட்டம். திருப்பீடத்தின் அங்கீகாரம் பெற்ற சபையில் அந்த அனுமதியை வழங்கும் அதிகாரம் திருப்பீடத்துக்கு மட்டுமே உண்டு. ஆகவே வீட்டில் தங்கிய காரணத்தாலேயே ஒருவர் விலகியவராகிவிடுவார் என்பது சட்டம் அறியாத பேச்சு.

சம்பளத்தைப்பற்றிக் கேட்டிருந்தீர்கள். துறவி தன் உழைப்பால் பெறுவதும் சபையின் பெயரால் பெறுவதும் சபைக்கே உரியவை. ஓய்வூதியம், உதவிப்பணம், காப்புறுதிப் பணம் ஆகியவையும், சபையின் யாப்பு வேறுவிதமாகச் சொன்னாலன்றி, சபையையே சேரும். இது 668ஆம் சட்டம். எனவே சம்பளம் அக்காவின் பெயரில் வங்கிக்கு வந்தாலும், அதிலிருந்து அம்மாவுக்குச் செலவிட மாகாணத் தலைவியின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியைத் தனியாகக் கேட்காமல், வெளியே தங்க விண்ணப்பிக்கும் கடிதத்திலேயே கேட்டு, மாதம் எவ்வளவு, எதற்கு என்று எழுதிப் பெறுவது நல்லது. உறுப்பினர் தம் அழைத்தலை வாழத் தேவையானவற்றைச் சபை கொடுக்க வேண்டும் என்று 670ஆம் சட்டம் சொல்வதால், வெளியே தங்கும் காலத்தில் அக்காவின் சொந்தச் செலவுகளைச் சபை மறந்துவிடவும் கூடாது.

ஓர் இடைக்குறிப்பு. நம் நாட்டில் பலருக்கு மடத்துக்கு வெளியே வாழும் துறவி என்றாலே ஒரு சந்தேகம் வருகிறது. 1687இல் இலங்கைக்கு வந்த புனித யோசேப்பு வாஸ், கோவாவின் ஒரட்டோரியன் சபையைச் சேர்ந்தவர். அவர்கள் வார்த்தைப்பாடு கொடுக்காமல் குழுமமாக வாழ்பவர்கள். அவரோ பல ஆண்டுகள் உடன்குரு ஒருவரும் இல்லாமல் இந்தத் தீவில் பணியாற்றினார். இல்லத்தில் உறங்கும் இரவுகளை மட்டும் எண்ணி ஒருவரின் பிணைப்பை அளக்க முடியாது.

பதில்: கொட்டாஞ்சேனை மறைக்கல்வி ஆசிரியர்

அருட்தந்தையின் விளக்கத்துக்கு நன்றி. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. கலப்பையில் கை வைத்தபின் திரும்பிப் பார்ப்பவர் இறையாட்சிக்குத் தகுதியற்றவர் என்று லூக்கா 9ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னது, தன் வீட்டாரிடம் விடைபெற்றுவர அனுமதி கேட்ட ஒருவருக்குத்தானே? எங்கள் காலத்தில் அருட்சகோதரிகள் தாய் தந்தையின் அடக்கத்துக்குக்கூட வரமாட்டார்கள். அது எங்களுக்கு வலியாக இருந்தாலும், அவர்களின் அர்ப்பணம் எத்தகையது என்பதை அதுவே எங்களுக்குக் கற்பித்தது. சட்டத்தில் இடமிருக்கிறது என்பதற்காக ஒவ்வொருவரும் வீட்டுக்கு வரத் தொடங்கினால், குழும வாழ்வில் எது மிஞ்சும்? பிள்ளைகள் மூவரில் இருவர் இல்லறத்தில் இருக்கும்போது சுமை துறவியின்மேல் ஏன் விழவேண்டும் என்றும் கேட்கத் தோன்றுகிறது.

பதில்: ஒரு மடத்துத் தலைவி

ஆசிரியரே, உங்கள் கேள்வியில் இருக்கும் அக்கறையை நான் மதிக்கிறேன். நானும் குழும வாழ்வை அவ்வளவு மேலாகவே கருதுகிறேன். ஆனால் மாற்கு 7ஆம் அதிகாரத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். தாய் தந்தைக்குக் கொடுக்கவேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கையாக்கிவிட்டேன் என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடுபவர்களை ஆண்டவர் அங்கே கடுமையாகக் கண்டிக்கிறார். கடவுளுக்கு நேர்ந்தது என்பதைத் திரையாகப் பிடித்துக்கொண்டு, தாய் தந்தையை மதிக்கச் சொல்லும் நான்காம் கட்டளையைத் தட்டிக்கழிக்க அவர் இடம் தரவில்லை.

திருச்சபையின் பழைய சட்டமும் இதை அறிந்திருந்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 542ஆம் சட்டத்தில், கடும் தேவையிலிருக்கும் தாய் தந்தைக்கும் பாட்டன் பாட்டிக்கும் உதவக் கடமைப்பட்ட பிள்ளைகளைத் துறவுப் புகுமுகப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்வது முறையல்ல என்று வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது. இன்றைய தொகுப்பில் அந்த வரி இல்லை. ஆயினும் பெற்றோரின் தேவை, துறவுக்கு முன்னே நிற்கும் ஒரு கடமை என்பதைத் திருச்சபை என்றும் மறுத்ததில்லை. புனித தோமா அக்குவினாசும் இதைப்பற்றி எழுதியிருக்கிறார். ஏற்கெனவே துறவறம் பூண்டவர் பெற்றோரைத் தாங்குவதற்காக மடத்தை விட்டுப் போகக்கூடாது என்பது அவர் கருத்து. அதே மூச்சில், தலைவருக்குரிய கீழ்ப்படிதலையும் தம் நிலையையும் காத்துக்கொண்டு, பெற்றோருக்கு உதவி கிடைக்கப் பக்தியோடு முயலவேண்டும் என்றும் சொல்கிறார். அவர் வாழ்ந்த நூற்றாண்டில் அந்த முயற்சி வேறு வடிவம் எடுத்தது. இன்றைய சட்டம் அதற்கு ஓராண்டு அனுமதி என்ற வடிவத்தையும் தந்திருக்கிறது.

இனி வெள்ளவத்தைத் தம்பிக்கு, மடத்தின் பக்கத்திலிருந்து சில விடயங்களைச் சொல்ல வேண்டும். இவை உங்கள் அக்காவுக்கும் தெரிந்தவையே, ஆனால் குடும்பத்தவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. ஐந்து பேர் வாழும் மடத்தில் ஒருவர் ஓராண்டு இல்லையென்றால் என்ன நடக்கும் என்பதை நான் கண்ணால் கண்டவள். எங்கள் இல்லத்தில் படுக்கையோடு இருந்த மூத்த சகோதரி ஒருவருக்கு இரவு மருந்து கொடுப்பதும், அவரைப் புரட்டிப் படுக்கவைப்பதும் இருவரின் முறை. ஒருவர் போனபின் அது ஒருவருடையதாகி, அவர் காலையில் பாடசாலைக்கும் போகவேண்டியிருந்தது. மாலைச் செபத்தில் இரு பக்கமாகப் பிரிந்து திருப்பாடல்களைச் சொல்வோம்; ஒரு பக்கத்தில் ஒருவர் மட்டும் நின்று சொல்லும்போது அந்தப் பக்கத்தின் குரல் மெலிந்துபோவது எல்லோர் மனத்தையும் தொட்டது. துறவியர் சகோதர சகோதரிகளாகக் கூடி வாழ்வது துறவற சபையின் இலக்கணத்திலேயே அடங்கியது என்று 607ஆம் சட்டம் கூறுவது வெறும் வார்த்தை அல்ல. சட்டம் மாகாணத் தலைவியின் தனி விருப்பத்துக்கு விடாமல் ஆலோசனைக் குழுவின் இசைவையும் கேட்பது இதனால்தான்: அனுமதி பெறுபவரைப் போலவே, மடத்தில் தங்கிவிடுபவர்களும் அந்த முடிவால் பாதிக்கப்படுகிறார்கள்.

ஆகவே உங்கள் அக்கா விண்ணப்பிக்கும் முன் தம் மடத்துச் சகோதரிகளோடு உட்கார்ந்து பேசட்டும். அவர் செய்யும் வேலைகளில் எதை யார் ஏற்பது, பாடசாலையில் விடுமுறைக்கு என்ன ஏற்பாடு என்பவற்றை முதலிலேயே தீர்த்துக்கொண்டு, அந்த ஏற்பாட்டையும் கடிதத்தில் சேர்த்தால், குழுவுக்கு முடிவெடுப்பது மிக எளிதாகும். நான் குழுவில் இருந்த காலத்தில் இழுபட்ட விண்ணப்பங்களில் பல, காரணம் போதாமல் இழுபடவில்லை. எஞ்சிய இல்லத்தைப்பற்றி ஒரு வரிகூட எழுதப்படாததால்தான் இழுபட்டன. ஓராண்டு முழுவதையும் கேட்பதற்கு முன், வெள்ளவத்தைக்குக் கிட்டிய சபை இல்லம் ஒன்றுக்கு மாற்றம் கிடைக்குமா என்றும் பார்க்கலாம். தெஹிவளையிலோ பம்பலப்பிட்டியிலோ இல்லம் இருந்தால், காலைத் திருப்பலியும் இரவு உணவும் மடத்தில், பகல் நேரம் அம்மாவோடு என்று வாழ முடியும். அதற்குப் பெரும்பாலும் ஆலோசனைக் குழுவின் இசைவுகூடத் தேவைப்படாது. ஆனால் இரவிலும் ஊட்டவும் புரட்டவும் ஆள் தேவை என்றால் அது போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆசிரியர் எழுப்பிய கடைசிக் கேள்வி உண்மையானது. கல்யாணமாகாத பெண்பிள்ளை என்று துறவியின் தலையில் எல்லாவற்றையும் சுமத்தும் வழக்கம் நம் குடும்பங்களில் இருக்கிறது. இந்தத் தம்பியின் வீட்டில் அப்படி இல்லை என்று எழுத்திலிருந்தே தெரிகிறது. ஆயினும் கனடாவில் இருக்கும் அண்ணாவும் எழுத்தில் தம் பங்கைச் சொன்னால், ஓராண்டின் பின் சகோதரி மடத்துக்குத் திரும்புவார் என்ற நம்பிக்கை சபைக்கு வரும்.

பதில்: முன்னாள் துறவி, கொழும்பு

நான் தற்காலிக வார்த்தைப்பாட்டில் இருந்தபோது என் அப்பாவுக்கு இரு சிறுநீரகங்களும் செயலிழந்தன. வாரத்துக்கு இரண்டு முறை இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்ல ஆளில்லை. நான் இருந்த இல்லத்தில் எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றே: மடத்தில் இருப்பது அல்லது போவது. 665ஆம் சட்டம் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்கு மட்டுமன்றி எனக்கும் பொருந்தியது என்பதை அப்போது எவரும் எனக்குச் சொல்லவில்லை. 686ஆம் சட்டத்தின் ஏற்பாடு மட்டுமே நித்திய வார்த்தைப்பாட்டினருக்கு உரியது. வார்த்தைப்பாட்டுக் காலம் முடிந்தபோது நான் அதைப் புதுப்பிக்காமல் வெளியேறினேன். அப்பாவைக் கடைசிவரை பார்த்தேன், அதில் எனக்கு ஆறுதல் உண்டு. ஆனால் எனக்கு மறுக்கப்பட்டது சட்டத்தில் இருந்த ஒன்று என்பதை இன்றும் என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

தம்பி, உங்கள் அக்கா களைத்துப்போயிருக்கும் ஒரு மாலையில், எவர் நீட்டினாலும், விலகல் விண்ணப்பம் எதிலும் கையொப்பமிட வேண்டாம் என்று சொல்லுங்கள். விலகுவதற்கான அனுமதி வந்து, அது அறிவிக்கப்படும் அதே வேளையில் அவர் அதை மறுக்காவிட்டால், வார்த்தைப்பாடுகளிலிருந்து விடுவிப்பு அப்போதே நிகழ்ந்துவிடும். 692ஆம் சட்டம் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. முறைப்படி விலகிய ஒருவரைப் பொதுத்தலைவர் தம் குழுவின் இசைவோடு மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம், புகுமுகப் பயிற்சியைத் திரும்பச் செய்யவும் தேவையில்லை என்பது உண்மையே. ஆனால் அது சபையின் விருப்பம், நம் உரிமை அல்ல.

பணத்தைப்பற்றி அருட்தந்தை சொல்லாத ஒன்று இருக்கிறது. விலகுபவர் தாம் சபையில் செய்த எந்த வேலைக்கும் எதையும் உரிமையாகக் கோர முடியாது. சபை அவரிடம் நீதியையும் நற்செய்தியின் அன்பையும் காட்டவேண்டும் என்பது மட்டுமே 702ஆம் சட்டம் தரும் பாதுகாப்பு. நான் இருந்த சபை அந்த அன்பைக் காட்டியது. தையல் பயிற்சிக்குக் கட்டணம் கட்டினார்கள், முதல் மாதங்களில் அறை வாடகையும் தந்தார்கள். எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. சபையில் நிலைத்திருக்கும் எண்ணம் உள்ள ஒருவர், தெரியாத்தனத்தால் இந்த இடத்துக்கு வந்துவிடக்கூடாது.

வெள்ளவத்தை வாசகர்

அனைவருக்கும் நன்றி. அக்காவுக்கு இவற்றை வாசித்துக் காட்டினேன். மடத்துத் தலைவி சொன்னபடி மாற்றம் கேட்பதை அவர் ஏற்கெனவே எண்ணியிருந்தார், ஆனால் அம்மாவுக்கு இரவில்தான் ஆள் அதிகம் தேவை. ஆகவே ஓராண்டு அனுமதியையே கேட்கப்போகிறார். அண்ணாவும் கடிதம் எழுத ஒப்புக்கொண்டுவிட்டார். அக்காவுக்கு இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன: அடுத்த ஆண்டு சபையின் மாகாணப் பேரவை கூடுகிறது, வெளியே தங்கும்போது அதற்கான தேர்தலில் அவர் வாக்களிக்கலாமா? விண்ணப்பத்துக்குப் பதிலே வராவிட்டால், அல்லது மறுத்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: திருச்சபைச் சட்டம் கற்பிக்கும் குரு

வாக்குரிமையைப்பற்றி முதலில். 665ஆம் சட்டத்தின் அனுமதி தன்னளவில் வாக்குரிமையைப் பறிப்பதில்லை. சில சபைகளின் யாப்பில் இதற்குத் தனி விதிகள் இருக்கும் என்பதால், அக்கா தம் சபையின் யாப்பையும் மாகாண ஒழுங்குகளையும் பார்க்கட்டும். அனுமதிக் கடிதத்திலேயே வாக்குரிமை தொடர்கிறது என்ற ஒரு வரியைச் சேர்க்கும்படி கேட்பது பிற்பாடு வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

பதில் வராவிட்டால், விண்ணப்பம் கிடைத்து மூன்று மாதங்கள் கடந்தபின் அது மறுக்கப்பட்டதாகக் கொண்டு மேலே முறையிட 57ஆம் சட்டம் இடமளிக்கிறது. மறுப்பு எழுத்தில் வந்தால், அதை மாற்றும்படி மாகாணத் தலைவியிடமே முதலில் எழுத்தில் கேட்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் காலம் பத்து நாட்களே. அதன்பின் பொதுத்தலைவரிடம் முறையிடப் பதினைந்து நாட்கள். இந்த நாட்களைக் கைநழுவவிட்டவர்கள் பலர். ஆயினும் நான் உண்மையைச் சொல்ல வேண்டும்: இந்த அனுமதி ஒரு சலுகையே. காரணம் நியாயமானதாக இருந்தாலும் அதைக் கொடுத்தே தீரவேண்டிய கட்டாயம் தலைவிக்கு இல்லை. ஆலோசனைக் குழு இசைந்தாலும் அவர் மறுக்கலாம். மறுபக்கத்தில், குழு இசையாதபோது தலைவி தாமாகக் கொடுத்தால் அது செல்லாது; வாக்குகள் சமமாகப் பிரிந்தாலும் தலைவி தம் வாக்கைச் சேர்த்துச் சமநிலையை உடைக்க முடியாது என்று 1985இல் திருச்சபை அதிகாரபூர்வமாகத் தெளிவுபடுத்தியிருக்கிறது. எனவே முறையீட்டை நம்பி இருப்பதைவிட, முதல் விண்ணப்பத்தை முழுமையாக எழுதுவதிலேயே உழைப்பைச் செலுத்துங்கள். மாகாணத் தலைவி மடத்தைப் பார்வையிட வரும்போது சகோதரிகள் அவரிடம் நம்பிக்கையோடு நடந்துகொள்ள வேண்டும், எவரும் அதைத் தடுக்கக்கூடாது என்று 628ஆம் சட்டம் சொல்கிறது. அந்தச் சந்திப்பு அருகில் இருந்தால் அக்கா நேரிலும் பேசட்டும்.

கடிதத்தில் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் இருக்கட்டும். தங்கப்போகும் முகவரி, அன்றாடத் திருப்பலிக்குச் செல்லும் பங்கு, தொடர்புகொள்ளவேண்டிய சகோதரி யார், மாதந்தோறும் மடத்துக்கு வந்து அமைதித் தியான நாளில் கலந்துகொள்ளும் ஏற்பாடு, செலவுக் கணக்கை யாரிடம் எப்போது ஒப்புவிப்பது என்பவையும் எழுதப்படட்டும். அம்மாவின் மருத்துவ அறிக்கையின் பிரதியையும், உங்கள் மனைவியின் சத்திரசிகிச்சை பற்றிய மருத்துவரின் கடிதத்தையும், அண்ணாவின் கடிதத்தையும் இணையுங்கள். மாகாண ஆலோசனைக் குழு அடுத்து எப்போது கூடுகிறது என்பதைச் செயலாளரான சகோதரியிடம் கேட்டறிந்து, அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரல் தயாராகும் முன்பே கடிதம் அவர் கையில் சேர்ந்திருக்கவேண்டும். ஒரு பிரதியில் பெற்றுக்கொண்ட திகதியை எழுதி ஒப்பமிடும்படி கேளுங்கள். மூன்று மாதக் கணக்கு அந்தத் திகதியிலிருந்தே தொடங்கும்.